ஓஎஸ் என்பது திரையில் தெரிவது அல்ல

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைகளில் "ஓஎஸ் போயிடுச்சு சார், ஃபார்மட் பண்ணி புதுசா போட்டுடலாம்" என்பது தினமும் கேட்கும் பேச்சு. ஃபோன் வாங்கப் போனால் "இதுல புது ஓஎஸ், செம ஸ்மூத்தா இருக்கும்" என்பார்கள். பெயரை எல்லாரும் சொல்கிறோம். ஆனால் அது என்னதான் செய்கிறது என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் திரையைப் பற்றியதாகவே இருக்கும்: ஸ்டார்ட் பட்டன் நடுவில் வந்துவிட்டது, ஐகான் வட்டமாகிவிட்டது, டார்க் மோட் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் "ஹார்டுவேருக்கும் சாஃப்ட்வேருக்கும் நடுவில் இருக்கும் பாலம்" என்று பாடப்புத்தக வரியைச் சொல்வார்கள். அந்த வரியில் தப்பில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒன்றையும் புரிந்துகொள்ள முடியாது. ஒரு ஆப் உறைந்து நின்றாலும் மற்றவை ஏன் ஓடுகின்றன, ரேம் நிறைந்தால் பயப்பட வேண்டுமா, அழித்த ஃபைல் எப்படி மீண்டு வருகிறது, இவற்றில் எதற்கும் அந்தப் பாலம் பதில் சொல்லாது.

இயங்குதளம், அதாவது ஓஎஸ், முதலில் ஓர் அதிகாரம். ஒரே கம்ப்யூட்டரை நிறைய புரோகிராம்கள் பங்குபோடும்போது யாருக்கு எவ்வளவு, யார் எதைத் தொடலாம் என்று முடிவெடுப்பதும், எடுத்த முடிவை மீற முடியாதபடி நடத்திக்காட்டுவதும் அதன் வேலை. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை ஒவ்வொன்றாகத் தெளியும்.

## ஓஎஸ் இல்லாமலும் கம்ப்யூட்டர் ஓடும்

இதைக் கேட்டால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். சாதாரண வாஷிங் மெஷினுக்குள் இருக்கும் சின்ன சிப்பும் ஒரு கம்ப்யூட்டர்தான். அதில் பெரும்பாலும் ஓஎஸ் இருக்காது, ஒரே ஒரு புரோகிராம் இருக்கும், கரண்ட் வந்ததும் அது ஓடத் தொடங்கும். சிப் முழுவதும் அதற்கே சொந்தம், யாரோடும் பங்கு இல்லை, அதனால் பஞ்சாயத்தும் இல்லை.

1950-களில் பெரிய கம்ப்யூட்டர்களும் இப்படித்தான் இருந்தன. ஒருவர் புரோகிராமைத் துளைகளாகப் பதிந்த தன் அட்டைக் கட்டோடு வந்து, தன் புரோகிராமை ஏற்றி, ஓட்டி முடித்துவிட்டுப் போவார், அடுத்தவர் வருவார். இந்த இடைவெளியில் விலை உயர்ந்த இயந்திரம் சும்மா நிற்கிறதே என்ற கவலையில்தான் 1956-இல் ஜெனரல் மோட்டார்ஸும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷனும் சேர்ந்து, ஐபிஎம் 704 என்ற இயந்திரத்துக்காக, ஒரு வேலை முடிந்ததும் அடுத்ததைத் தானாகத் தொடங்கிவைக்கும் ஒரு புரோகிராமை எழுதின. முதல் ஓஎஸ் என்று பலரும் சொல்வது அதைத்தான். அப்புறம் 1961-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்படோவின் குழு இன்னொரு படி மேலே போனது. ஒரே இயந்திரத்தைப் பலர் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு தட்டச்சு முனையிலிருந்து, தனக்கு மட்டுமே சொந்தம் என்பதுபோலப் பயன்படுத்தலாம் என்று செய்து காட்டினார்கள்.

அங்கேதான் நிஜமான சிக்கல் தொடங்குகிறது. ஒருவரையொருவர் அறியாத பலரின் புரோகிராம்கள் ஒரே ப்ராசஸரில் (கட்டளைகளைச் செய்துமுடிக்கும் சிப்), ஒரே மெமரியில், ஒரே டிஸ்க்கில். ஒன்றின் பிழை இன்னொன்றைக் கெடுக்கலாம், ஒன்று வேண்டுமென்றே இன்னொன்றின் தகவலைத் திருடலாம். இன்று உங்கள் ஃபோனில் பாங்க் ஆப்பும் யாரோ எழுதிய இலவச டார்ச் லைட் ஆப்பும் அருகருகே இருக்கின்றனவே, அதே சிக்கல்தான்.

## பாங்க் கவுன்ட்டர்

பாங்கில் இருக்கும் பணம் உங்களுடையதுதான், ஆனால் நீங்களே உள்ளே போய்ப் பெட்டகத்தைத் திறந்து எடுத்துக்கொள்ள முடியாது. ஸ்லிப் எழுதி கவுன்ட்டரில் நீட்ட வேண்டும். உள்ளே இருப்பவர் கணக்கு எண்ணையும் கையெழுத்தையும் இருப்பையும் பார்ப்பார், சரியாக இருந்தால் அவரே எடுத்துத் தருவார், இல்லையென்றால் ஸ்லிப் திரும்பி வரும். நீங்கள் நல்லவரா கெட்டவரா என்பது அங்கே கேள்வியே இல்லை. உள்ளே போகும் வழியே உங்களுக்குக் கிடையாது, அதில்தான் மொத்தப் பாதுகாப்பும் இருக்கிறது.

உங்கள் கம்ப்யூட்டரிலோ ஃபோனிலோ இருக்கும் எல்லா ஆப்பும் கவுன்ட்டருக்கு வெளியே நிற்கும் வாடிக்கையாளர்கள். உள்ளே இருப்பதன் பெயர் கர்னல். ஓஎஸ்ஸின் நடு உறுப்பு அது. டிஸ்க், நெட்வொர்க், கேமரா, திரை, மெமரி எல்லாவற்றையும் நேராகத் தொடும் அதிகாரம் அதற்குத்தான். ஆப்கள் ஸ்லிப் எழுதி நீட்டலாம், அவ்வளவுதான். அப்படி நீட்டும் ஸ்லிப்புக்கு சிஸ்டம் கால் என்று பெயர்.

வாட்ஸ்ஆப்பில் வந்த ஒரு படத்தை சேமிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாட்ஸ்ஆப் தானே நேராக டிஸ்க்கில் எதையும் எழுதுவதில்லை. "இந்தப் பெயரில் ஒரு ஃபைல் திறந்து கொடு" என்று ஒரு சிஸ்டம் கால் போகிறது. அந்த இடத்தில் எழுத இந்த ஆப்புக்கு அனுமதி உண்டா என்று கர்னல் பார்க்கிறது. உண்டு என்றால் ஓர் எண்ணைக் கொடுக்கிறது, டோக்கன் மாதிரி. அடுத்து "அந்த எண்ணுள்ள ஃபைலில் இந்த பைட்களை எழுது", கடைசியில் "மூடிவிடு". லினக்ஸ் கர்னலில் இப்படி 300-க்கும் மேற்பட்ட சிஸ்டம் கால்கள் இருக்கின்றன. நீங்கள் பார்த்த ஒவ்வொரு ஆப்பும், எவ்வளவு பெரியதாக இருந்தாலும், வெளியுலகத்தோடு பேசுவது இந்தச் சின்னப் பட்டியல் வழியாகத்தான்.

## பூட்டு ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது

இங்கே ஒரு நல்ல கேள்வி வரவேண்டும். கர்னலும் ஒரு புரோகிராம், ஆப்பும் ஒரு புரோகிராம், இரண்டும் ஒரே ப்ராசஸரில்தான் ஓடுகின்றன. அப்படியென்றால் ஆப் கவுன்ட்டரைத் தாண்டிக் குதிப்பதை யார் தடுப்பது?

ப்ராசஸரே தடுக்கிறது. இன்றைய கம்ப்யூட்டர், ஃபோன் ப்ராசஸர்கள் எல்லாவற்றிலும் குறைந்தது இரண்டு நிலைகள் உண்டு. ஒன்று கர்னல் மோட், அதில் எல்லாக் கட்டளைகளும் செல்லும். இன்னொன்று யூசர் மோட், அதில் கூட்டல் கழித்தல், தன் சொந்த மெமரியைப் படிப்பது எழுதுவது போன்ற சாதாரண வேலைகள் மட்டுமே. யூசர் மோடில் ஓடும் ஒரு புரோகிராம் தடைசெய்யப்பட்ட கட்டளை எதையாவது கொடுத்தால், சிலிக்கான் அளவிலேயே ப்ராசஸர் மறுத்துவிட்டு உடனே கர்னலிடம் விஷயத்தை ஒப்படைத்துவிடும். கர்னல் பெரும்பாலும் அந்த ஆப்பை அங்கேயே முடித்துவிடும். "அன்ஃபார்ச்சுனேட்லி, ஆப் ஹேஸ் ஸ்டாப்ட்" என்று ஃபோனில் பார்த்திருப்பீர்களே, அப்படி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிஸ்டம் கால் என்பது இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே உள்ள கதவு. ஆப் அந்தச் சிறப்புக் கட்டளையைக் கொடுத்ததும் ப்ராசஸர் கர்னல் மோடுக்கு மாறும், ஆனால் மாறிய கணத்திலேயே கர்னல் முன்பே குறித்துவைத்த ஓர் இடத்துக்குத்தான் போகும், ஆப் விரும்பிய இடத்துக்கு அல்ல. கர்னல் தன் வேலையை முடித்து, திரும்ப யூசர் மோடுக்கு மாற்றிவிட்டு, ஆப்பிடம் ப்ராசஸரைக் கொடுக்கும். இது நொடிக்கு ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில்கூட நடக்கும்.

வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இந்தப் பூட்டு ஆரம்பத்திலிருந்தே இருக்கவில்லை. 1981-இல் வந்த எம்எஸ்-டாஸ் காலத்து ஐபிஎம் பிசி-யில் எந்தப் புரோகிராமும் எந்த மெமரியிலும் எழுதலாம், டிஸ்க்கை நேராகத் தொடலாம். அந்தக் கால வைரஸ்களுக்கு வாழ்க்கை அவ்வளவு எளிதாக இருந்ததற்கு இது முக்கியக் காரணம், பூட்டே இல்லாத வீடு.

இதுவரை பார்த்தது: ஆப்கள் ஹார்டுவேரைத் தொடுவதில்லை, கர்னலிடம் கேட்கின்றன. அதை மீற முடியாதபடி ப்ராசஸரின் இரண்டு நிலைகள் காவல் இருக்கின்றன.

## கர்னல் எப்போதும் மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறதா?

இல்லை. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம், பெரும்பாலான விளக்கங்கள் தவறவிடும் இடமும் இதுவே. பாங்க் ஊழியர் நாள் முழுக்கக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பார், கர்னல் அப்படி இல்லை. ஒரே ஒரு ப்ராசஸர் உள்ள ஒரு கம்ப்யூட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ப்ராசஸர் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராமின் கட்டளைகளைத்தான் செய்ய முடியும். உங்கள் கேம் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், அந்தக் கணத்தில் கர்னல் ஓடவில்லை, அதன் கட்டளைகள் மெமரியில் அசையாமல் கிடக்கின்றன. யாரும் யாரையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

அப்படியானால் அந்த கேம் சிஸ்டம் கால் எதுவும் செய்யாமல், முடிவே இல்லாத ஒரு சுற்றில் சுற்றிக்கொண்டே இருந்தால்? ப்ராசஸர் அதனிடமே மாட்டிக்கொள்ளாதா?

பழைய ஓஎஸ்களில் மாட்டிக்கொண்டதுதான் உண்மை. 1992-இல் வந்த விண்டோஸ் 3.1-இல் ஒவ்வொரு புரோகிராமும் "நான் முடித்துவிட்டேன், அடுத்தவருக்குக் கொடு" என்று தானாக விட்டுத்தர வேண்டும். ஒன்று விட்டுத்தராவிட்டால் திரை முழுவதும் உறைந்து நிற்கும். ஆப்பிளின் பழைய மேக் ஓஎஸ்ஸும் 2001-இல் ஓஎஸ் எக்ஸ் வரும்வரை இப்படித்தான் இருந்தது. நல்ல மனிதர்களை நம்பிக் கட்டிய அமைப்பு, ஒருவர் சுயநலமாக இருந்தாலும் எல்லாருக்கும் நின்றுபோகும்.

இதற்கான தீர்வு ஒரு கடிகாரம். கர்னல் ஓர் ஆப்பிடம் ப்ராசஸரைக் கொடுப்பதற்கு முன், ஹார்டுவேர் டைமர் ஒன்றை முடுக்கிவிட்டுத்தான் கொடுக்கும். சில மில்லிசெகண்ட் கழித்து அந்த டைமர் ப்ராசஸரைத் தட்டும். ப்ராசஸர், ஆப் என்ன செய்துகொண்டிருந்தாலும் அதைப் பாதியில் நிறுத்திவிட்டு, கர்னல் மோடுக்கு மாறி, கர்னலின் குறிப்பிட்ட இடத்துக்குத் தாவும். இப்படி வெளியிலிருந்து வந்து நடப்பதை நிறுத்தும் சமிக்ஞைக்கு இன்டரப்ட் என்று பெயர். கீபோர்டில் ஓர் எழுத்தை அழுத்துவதும், நெட்வொர்க்கில் ஒரு செய்தி வந்து சேர்வதும் இன்டரப்ட்தான். டைமரை நிறுத்தும் கட்டளை யூசர் மோடில் செல்லாது, அதனால் எந்த ஆப்பும் இதிலிருந்து தப்ப முடியாது. லினக்ஸில் இந்தத் தட்டல் அமைப்பைப் பொறுத்து நொடிக்கு 100 முதல் 1000 முறை வரை வரும்.

கர்னல் எழுந்ததும், இப்போது ஓடிக்கொண்டிருந்தவருக்கு இது போதுமா, அடுத்து யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்க்கிறது. இதைத் தீர்மானிக்கும் பகுதிக்கு ஷெட்யூலர் என்று பெயர். மாற்றுவது என்று முடிவானால், பழைய ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராமை இப்படிச் சொல்வார்கள்) எந்த வரியில் நின்றது, ப்ராசஸரின் உள் அறைகளில் என்னென்ன எண்கள் இருந்தன என்பதை அப்படியே எடுத்துவைத்துவிட்டு, புதியதன் பழைய நிலையைத் திரும்ப நிரப்பி ஓடவிடும். நிறுத்தப்பட்டது அந்தப் புரோகிராமுக்கே தெரியாது.

அளவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் என்றால் நொடிக்கு 300 கோடி துடிப்பு. ஓர் ஆப்புக்கு 4 மில்லிசெகண்ட் கிடைத்தால் அதற்குள் 1 கோடியே 20 லட்சம் துடிப்புகள். நமக்குக் கண் இமைக்கும் நேரம்கூட இல்லாத அதில் அது எவ்வளவோ செய்து முடித்துவிடும். அதனால்தான் பாட்டு கேட்டுக்கொண்டே டைப் செய்து, பின்னால் டவுன்லோடும் போகும்போது எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பதுபோலத் தெரிகிறது. இன்றைய ப்ராசஸர்களில் 4, 8 என்று கோர்கள் (தனித்தனியாகக் கட்டளைகளைச் செய்யும் பகுதிகள்) இருப்பதால் அத்தனை வேலைகள் நிஜமாகவே ஒரே நேரத்தில் நடக்கும். ஆனால் உங்கள் கம்ப்யூட்டரில் இப்போது நூற்றுக்கணக்கான ப்ராசஸ்கள் இருக்கும், டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். அதனால் பங்கீடு எப்போதும் தேவைதான். நல்லவேளையாக அவற்றில் பெரும்பாலானவை எதற்காவது காத்துக்கொண்டு தூங்குகின்றன. தூங்குபவருக்கு ஷெட்யூலர் நேரம் ஒதுக்குவதில்லை.

சுருக்கமாக, கர்னல் மூன்று சந்தர்ப்பங்களில்தான் எழுகிறது: ஆப் தானாகக் கேட்கும்போது, ஆப் ஏதாவது மீறும்போது, ஹார்டுவேர் தட்டும்போது. மற்ற நேரமெல்லாம் ப்ராசஸர் ஆப்களுடையது.

## ரேம் நிறைந்துவிட்டதா? நல்லது

அதிகமாகத் தவறாகப் பேசப்படும் விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். "உங்கள் ரேம் 85% நிறைந்துவிட்டது, சுத்தம் செய்யவும்" என்று மிரட்டும் க்ளீனர் ஆப்கள் கோடிக்கணக்கான ஃபோன்களில் இருந்திருக்கின்றன, இருக்கின்றன. ரேம் என்பது வேலை நடக்கும் தற்காலிக மெமரி, கரண்ட் போனால் அழிந்துவிடும். 

முதலில் அதை எப்படிப் பங்குபோடுகிறார்கள் என்று பார்ப்போம். பாஸ்புக்கில் 10,000 ரூபாய் என்று இருந்தால், பாங்குக்குள் உங்கள் பெயர் எழுதிய நோட்டுக்கட்டு ஒன்று தனியாக இருக்கிறது என்று அர்த்தமில்லையே. ரேமும் அப்படித்தான். ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனக்கு மட்டுமேயான மிகப்பெரிய, காலியான மெமரி ஒன்று இருப்பதாகத் தோன்றும்படி கர்னல் செய்துவைக்கிறது. இதற்கு வர்ச்சுவல் மெமரி என்று பெயர். 1962-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கம்ப்யூட்டரில் டாம் கில்பர்ன் குழு இதைச் செயல்படுத்தியது, இன்று ஃபோன் வரை வந்துவிட்டது.

மெமரி முழுவதும் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு துண்டுக்குப் பேஜ் என்று பெயர், பொதுவாக 4096 பைட். 8 ஜிபி ரேம் என்றால் சுமார் 21 லட்சம் பேஜ்கள். ஒவ்வொரு ப்ராசஸுக்கும் கர்னல் ஓர் அட்டவணை வைத்திருக்கும்: உன்னுடைய 5-ஆம் பேஜ் நிஜத்தில் ரேமின் இந்த இடத்தில், 6-ஆவது வேறெங்கோ, 7-ஆவது இப்போதைக்கு எங்கேயும் இல்லை. ஆப் ஒவ்வொரு முறை மெமரியைத் தொடும்போதும் ப்ராசஸர் இந்த அட்டவணையின் வழியாகத்தான் போகும். பக்கத்து ஆப்பின் பேஜ் உங்கள் அட்டவணையில் இல்லவே இல்லை என்பதால், அதைத் தொடுவதற்கு உங்களிடம் முகவரியே கிடையாது. பாங்க் ஆப்பின் மெமரியை டார்ச் லைட் ஆப் படிக்க முடியாமல் போவது இப்படித்தான்.

"இப்போதைக்கு எங்கேயும் இல்லை" என்று சொன்னேன் அல்லவா, அதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. ஓர் ஆப் 500 எம்பி கேட்டால் கர்னல் "சரி" என்று அட்டவணையில் மட்டும் குறித்துக்கொண்டு விட்டுவிடலாம். ஆப் நிஜமாக ஒரு பேஜைத் தொடும்போது ப்ராசஸர் அட்டவணையில் அது இல்லை என்று கண்டு கர்னலை எழுப்பும், அப்போதுதான் கர்னல் ஒரு காலிப் பேஜை எடுத்து மாட்டிவிடும். இதைப் பேஜ் ஃபால்ட் என்பார்கள். பெயரில் ஃபால்ட் இருந்தாலும் பெரும்பாலும் இது தினசரி நடைமுறைதான். ரேம் மிகவும் நெருக்கடியானால், நீண்ட நாளாகத் தொடாத பேஜ்களை டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, வேண்டும்போது திரும்பக் கொண்டுவரும். டிஸ்க் ரேமைவிடப் பலமடங்கு மெதுவானது என்பதால், இந்தப் போக்குவரத்து அதிகமாகும்போதுதான் கம்ப்யூட்டர் முனகிக்கொண்டு நகரும்.

சரி, க்ளீனர் ஆப் விஷயத்துக்கு வருவோம். காலியாக இருக்கும் ரேமால் யாருக்கும் பயனில்லை, அதற்கும் கரண்ட் செலவாகிறது. அதனால் கர்னல் மிச்சமிருக்கும் ரேமில், சமீபத்தில் படித்த ஃபைல்களின் நகலை வைத்துக்கொள்ளும். அதே ஃபைல் திரும்பத் தேவைப்பட்டால் டிஸ்க்குக்குப் போகாமல் உடனே கொடுக்கலாம். யாராவது புதிதாக ரேம் கேட்டால் இந்த நகல்களைத் தூக்கிப் போட்டுவிட்டு நொடியில் இடம் கொடுத்துவிடும். ஆண்ட்ராய்டில் நீங்கள் விட்டுவந்த ஆப்களும் பெரும்பாலும் இப்படி ஓடாமல் ரேமில் கிடப்பவைதான், இடம் தேவைப்பட்டால் கர்னலும் ஆண்ட்ராய்டும் சேர்ந்து முக்கியமில்லாததிலிருந்து தாமாகவே மூடிக்கொண்டு வரும். க்ளீனர் ஆப் இவற்றையெல்லாம் துடைத்துவிட்டால் "1.2 ஜிபி காலி" என்று பெரிய எழுத்தில் வரும், பார்க்க நிம்மதியாக இருக்கும். அடுத்த தடவை அந்த ஆப்பைத் திறக்கும்போது அது முதலிலிருந்து ஏறவேண்டும், நேரமும் பேட்டரியும் கூடுதலாகப் போகும். போதாக்குறைக்கு அந்த க்ளீனரும் பின்னணியில் ஓடி ரேமைத் தின்னும். இருந்தால் எடுத்துவிடுங்கள். ஏதாவது ஓர் ஆப் உண்மையிலேயே உறைந்துவிட்டால் அதை மட்டும் மூடினால் போதும்.

நினைவில் வைக்க வேண்டியது: ரேம் நிறைந்திருப்பது நோயல்ல. டிஸ்க்குக்கும் ரேமுக்கும் நடுவே ஓயாத போக்குவரத்து இருந்தால்தான் ரேம் நிஜமாகவே போதவில்லை என்று பொருள்.

## ஃபைல் என்பது ஒரு பதிவு

டிஸ்க்கில் ஃபைல் என்று எதுவும் கிடையாது, எண்ணிட்ட கட்டங்கள் மட்டும்தான். இந்தப் பெயருள்ள ஃபைலின் தகவல் இந்தந்தக் கட்டங்களில் இருக்கிறது என்று பேரேடு எழுதிவைப்பது ஃபைல் சிஸ்டம், அதுவும் கர்னலின் பொறுப்பு. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபைலை அழித்தால் பேரேட்டில் அந்தப் பதிவு நீக்கப்பட்டு, கட்டங்கள் காலி என்று குறிக்கப்படும். தகவல் அங்கேயேதான் கிடக்கும், வேறொன்று அதன்மேல் எழுதப்படும் வரை. அழிந்த கல்யாண வீடியோவை மீட்டுத் தருகிறோம் என்று சொல்லும் மென்பொருள்கள் நம்பியிருப்பது இதைத்தான். அதனால் தெரியாமல் அழித்துவிட்டால் முதல் வேலை அந்த டிஸ்க்கில் மேற்கொண்டு எதையும் எழுதாமல் நிறுத்துவது. சுழலும் தட்டுக்குப் பதில் சிப்களில் தகவலை வைக்கும் எஸ்எஸ்டி-யில் நிலைமை வேறு. காலியான கட்டங்கள் எவை என்று ஓஎஸ் எஸ்எஸ்டி-க்குச் சொல்லிவிடும், அது அவற்றைத் தன் வசதிப்படி நிஜமாகவே துடைத்துவிடும், மீட்பது மிகவும் கடினம்.

பென்டிரைவைப் பற்றி ஒரு வார்த்தை. காப்பி முடிந்தது என்று திரை சொன்னாலும் தகவலின் ஒரு பகுதி இன்னும் ரேமில் காத்திருக்கலாம், குறிப்பாக லினக்ஸில். கர்னல் சேர்த்துவைத்து மொத்தமாக எழுதும், அதுதான் வேகம். எஜெக்ட் கொடுப்பது "மிச்சத்தை இப்போதே எழுதிவிடு" என்று சொல்வதற்கு.

## கவுன்ட்டருக்கு உள்ளேயே பிழை வந்தால்

ஓர் ஆப்பில் பிழை வந்தால் கர்னல் அதை மட்டும் மூடிவிடும் என்று பார்த்தோம். கர்னல் மோடிலேயே பிழை வந்தால் மூடுவதற்கு மேலே யாரும் இல்லை. அரைகுறையாகக் கெட்டுப்போன நிலையில் தொடர்ந்து ஓடினால் டிஸ்க்கில் இருக்கும் தகவலையும் கெடுத்துவிடும் என்பதால், கர்னல் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். விண்டோஸில் பலரும் பார்த்த நீலத் திரை அதுதான்.

கர்னல் மோடில் ஓடுவது கர்னலை எழுதியவர்களின் புரோகிராம் மட்டும் அல்ல. பிரின்டருக்கு, கிராஃபிக்ஸ் கார்டுக்கு, வைஃபை-க்கு என்று ஒவ்வொரு சாதனத்தையும் பேசவைக்கத் தெரிந்த துணைப் புரோகிராம்கள் உண்டு, அவை டிரைவர்கள். பலவும் கர்னல் மோடிலேயே ஓடுகின்றன. சில பாதுகாப்பு மென்பொருள்களும், எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்பதற்காக, டிரைவராகவே உள்ளே உட்காருகின்றன.

2024 ஜூலை 19 அன்று உலகம் இதை நேரில் பார்த்தது. க்ரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறிய அப்டேட் ஃபைலைப் படித்த அதன் டிரைவர், தனக்கு உரிமையில்லாத மெமரி இடத்தைத் தொட்டது. ஆப்பாக இருந்திருந்தால் அந்த ஆப் மட்டும் மூடியிருக்கும். கர்னல் மோடில் இருந்ததால் கம்ப்யூட்டரே விழுந்தது, திரும்ப எழுந்ததும் அதே ஃபைலைப் படித்துத் திரும்ப விழுந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள். விமானங்கள் ரத்தாயின, மருத்துவமனைகள் தடுமாறின, இந்தியாவில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். மேக்கிலும் லினக்ஸிலும் அந்த அப்டேட் போகவில்லை என்பதால் அவை தப்பின. "விண்டோஸ் மோசம்" என்று அன்று நிறையப் பேர் எழுதினார்கள், அது சரியான முடிவு அல்ல. கவுன்ட்டருக்கு உள்ளே யாரை விடுகிறோம் என்பதுதான் அங்கே கேள்வி.

## "நம்ம நாட்டு ஓஎஸ்"

இவ்வளவு தெரிந்த பிறகு ஓஎஸ் பற்றிய செய்திகளை வேறு கண்ணால் படிக்கலாம். லினக்ஸ் என்பது கண்டிப்பாகச் சொன்னால் கர்னலின் பெயர் மட்டும், 1991-இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. அதன்மேல் டெஸ்க்டாப், ஆப் ஸ்டோர், சின்னச் சின்னக் கருவிகள் எல்லாம் சேர்த்துக் கட்டினால் உபுண்டு, டெபியன் மாதிரி முழு ஓஎஸ். ஆண்ட்ராய்டின் அடியிலும் லினக்ஸ் கர்னல்தான். ஃபோன் நிறுவனங்கள் கலர் ஓஎஸ், ஆக்ஸிஜன் ஓஎஸ், ஹைப்பர் ஓஎஸ் என்று வெவ்வேறு பெயர் வைத்தாலும் நம் கையில் இருக்கும் அந்த ஃபோன்களில் அடியில் இருப்பது ஆண்ட்ராய்டு, அதற்கும் அடியில் லினக்ஸ். கடைக்காரர் "புது ஓஎஸ்" என்று சொல்வது பெரும்பாலும் மேல் அடுக்கை.

2023 ஜனவரியில் சென்னை ஐஐடி வளாகத்தில் வளர்ந்த ஒரு நிறுவனம் பார்ஓஎஸ் என்று ஒன்றை அறிமுகப்படுத்தியபோது ஒரு பக்கம் "இந்தியாவே எழுதிய சொந்த ஓஎஸ்" என்று கொண்டாடினார்கள், மறுபக்கம் "வெறும் ஆண்ட்ராய்டு, ஏமாற்று" என்று திட்டினார்கள். ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலின் மேல், கூகுளின் சேவைகளும் முன்பே பதிந்த ஆப்களும் இல்லாமல் கட்டப்பட்டது அது. கர்னல் லினக்ஸ்தான். அதனால் முதல் கட்சி சொன்னது சரியில்லை. ஆனால் எந்த ஆப் உள்ளே வரலாம், தகவல் யாரிடம் போகும் என்று தீர்மானிக்கும் அடுக்கை மாற்றுவது சின்ன வேலையும் அல்ல, ஆகவே இரண்டாவது கட்சியும் முழுச் சரியில்லை. மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி அமைப்பான சி-டாக்கின் சென்னைப் பிரிவு பல ஆண்டுகளாக வளர்த்துவரும் பாஸ் லினக்ஸும் டெபியன் மேல் கட்டியதுதான், அதில் தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்காக அவர்கள் செய்த வேலை மதிப்புள்ளது. கர்னலைப் புதிதாக எழுதுவது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்தால், இருக்கும் நல்ல கர்னலை எடுத்துக்கொண்டு மேலே கட்டுவதில் எந்த வெட்கமும் இல்லை என்பதும் புரியும்.

## ரீஸ்டார்ட் பண்ணினால் ஏன் சரியாகிறது

பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடுவது ஓஎஸ் அல்ல, மதர்போர்டில் ஒரு சிப்பில் இருக்கும் ஃபர்ம்வேர் என்ற சின்ன புரோகிராம். அது டிஸ்க்கில் பூட்லோடரைத் தேடி எடுத்து ஓட்டும், பூட்லோடர் கர்னலை ரேமில் ஏற்றும், கர்னல் டிரைவர்களைத் தயார்செய்து, அட்டவணைகளைப் புதிதாகப் போட்டு, டைமரை முடுக்கி, முதல் ப்ராசஸைப் பெற்றெடுக்கும். மற்ற எல்லாம் அதன் வழிவந்தவை. ரிப்பேர் கடையில் "ஓஎஸ் போயிடுச்சு" என்று சொல்லும்போது பெரும்பாலும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருக்கும், உங்கள் ஃபைல்கள் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கலாம். ஃபார்மட்டுக்குச் சம்மதிப்பதற்கு முன் அவற்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

நாள் கணக்கில் ஓடும் கம்ப்யூட்டரில் ஒரு டிரைவர் குழம்பிப்போயிருக்கலாம், ஓர் ஆப் வாங்கிய மெமரியைத் திருப்பித் தராமல் வைத்திருக்கலாம். ரீஸ்டார்ட்டில் ரேமில் இருந்த இந்தக் குழப்பம் எல்லாம் போய், தெரிந்த ஒரு நிலையிலிருந்து எல்லாம் மறுபடி தொடங்குகிறது, அதனால்தான் சரியாகிறது. ஆனால் விண்டோஸ் 8-லிருந்து ஒரு மாற்றம் உண்டு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி போடப்பட்டிருந்தால், "ஷட் டவுன்" கொடுக்கும்போது ஆப்கள்தான் முழுதாக மூடப்படும், கர்னலின் அப்போதைய நிலை டிஸ்க்கில் எழுதிவைக்கப்பட்டு மறுநாள் அப்படியே திரும்ப ஏற்றப்படும். குழம்பிய டிரைவரும் அதோடு சேர்ந்து திரும்பி வரும். ஏதோ கோளாறு என்று அணைத்துப் போட்டுத் தீரவில்லை என்றால், ஷட் டவுன் வேண்டாம், "ரீஸ்டார்ட்" கொடுத்துப் பாருங்கள். அதில் கர்னல் நிஜமாகவே முதலிலிருந்து தொடங்கும்.